சுமோ பார்க்கப் போன சம்பந்தி

ஒசாக்காவிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பாடு போட்டே கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் போட்டேன். அவரும் மரியாதை என்று நினைத்துத்தான் சாப்பிட்டார். இரண்டு மரியாதைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது அவருடைய வயிறு.

எங்களுக்கு ஒரே மகள். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்ததும் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். ஒரு வருஷம் நின்றுவிட்டு வந்துவிடுவாள் என்று நானும் என் மனுசனும் நினைத்தோம். ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு நாலானது, பிறகு ஒரு நாள் போன் திரையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "வணக்கம் அம்மா" என்று தமிழில் சொல்லித் தலையைக் குனிந்தான். நல்ல பையன். அதை அன்றைக்கே கண்டுகொண்டேன். கவுன்சில் முன்மேசையில் இருந்து எத்தனையோ வருஷமாகச் சனத்தின் முகத்தைப் பார்த்துப் பேச்சு வாங்குகிறவள் நான். ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

எனக்குப் பயம் பையனைப் பற்றி இல்லை, அந்த வீட்டைப் பற்றி. கல்யாணம் முடித்தால் ஒசாக்காவில் பையனின் தாய் தகப்பன் இருக்கும் வீட்டிலேயே, மேல்மாடியில் இருப்பதென்று பேச்சு. அந்தத் தாயையும் தகப்பனையும் திரையில் பார்க்கும்போதெல்லாம் ஒரு சத்தம் கிடையாது. மெல்லப் பேசுவார்கள், குனிவார்கள். சிரிப்பு வந்தால் தாய் கையால் வாயை மூடிக்கொள்வார். எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். என் மகள் என் வாயோடு பிறந்தவள். தகப்பனுக்குச் சீனி வருத்தம். அவர் களவாக ஒரு துண்டு கேக்கை எடுத்துவிட்டால், "அப்பா! வையுங்கோ கீழ!" என்று அவள் போடும் சத்தத்தில் மனுசன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தட்டை வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவள், அந்தப் பெரியவர்கள் திரையில் வந்தவுடன் தோளை ஒடுக்கி, குரலைத் தாழ்த்தி, வேறு யாரோ ஆகிவிடுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கோபம் வந்தால் ஏச முடியாத, வருத்தம் வந்தால் முனக முடியாத ஒரு வீட்டில் என் பிள்ளை எப்படிக் காலம் தள்ளுவாள்? இதை நினைத்து நினைத்தே நான் கல்யாணத்துக்கு ஓம் என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் தன்னுடைய முடிவை என்னிடம் விட்டுவிட்டார். அவர் எல்லா முடிவையும் அப்படித்தான் விடுவார்.

கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள். "அம்மா, அவை ஒக்டோபர்ல லண்டன் வருகினம். அவற்ற அப்பாவுக்குச் சுமோ எண்டால் விசர். சுமோக்காரர் இந்த முறை லண்டனுக்கு வந்து மல்லுப் பிடிக்கப் போகினமாம், அதைப் பாக்கவெண்டே வருகினம். நாங்களும் வாறம். ஒரு நாள் முழுக்க அவையோட நில்லுங்கோ. அண்டைக்குப் பின்னேரம் ஓமோ இல்லையோ சொல்லுங்கோ."

"இல்லை எண்டு சொன்னால்?"

"அப்ப நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியேல்லை அம்மா" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே ஓம் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன். இன்றைக்கு இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டு, நாளைக்கு அவள் அங்கே ஊமையாக இருந்து அழுதால் யார் போய்க் கண்ணைத் துடைப்பது?

ஒசாக்காவிலேயே வருஷா வருஷம் சுமோ நடக்கிறதாம். வீட்டு வாசலில் நடப்பதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து பார்ப்பானேன் என்று கேட்டேன். "உம்மட அக்கா மோர்டன்ல வீட்டுக்குப் பக்கத்திலயே கோயிலை வைச்சுக்கொண்டு பாரிசுக்குத் தேர் பாக்கப் போறா தானே?" என்றார் என் மனுசன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் சந்தித்தோம். நல்ல வெயில், ஆனால் காற்று ஆளைத் தூக்கியது. பையனின் தகப்பன் சுமோப் பைத்தியம் என்று கேள்விப்பட்டதில் இருந்து நான் ஒரு பெரிய உடம்பைத்தான் மனதில் வைத்திருந்தேன். வந்தது எலும்பும் தோலுமான ஒரு சின்ன மனிதர். தாய் அதைவிடச் சின்னவர், தொப்பியை ஒரு கையாலும் கணவரின் சட்டை நுனியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இல்லை. என்னைக் கண்டதும் அவர்கள் குனிந்தார்கள், நான் கும்பிட்டேன், அவர்கள் இன்னும் குனிந்தார்கள், நான் திரும்பக் கும்பிட்டேன். பின்னால் நின்ற சனம் வழி கேட்டு முணுமுணுத்தது.

அந்த மனிதர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிடித்தார், சிவப்பு பஸ்ஸைப் பிடித்தார், ஆற்றில் போன குப்பைப் படகையும் பிடித்தார். பாலத்தில் கிடந்த ஒரு கிறிஸ்ப்ஸ் பேப்பரை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தார். அதைக் கண்டு கவுன்சில்காரியான எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் மனுசன் வழிகாட்டியாக மாறி, தனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக லண்டன் சரித்திரத்தை அவிழ்த்துவிட்டார். பையன் அதைப் பயபக்தியோடு மொழிபெயர்த்தான்.

நான் பார்த்தது கோபுரத்தை இல்லை, மகளைத்தான். இரண்டடி பின்னால் நடந்து வந்தாள். கேட்டால் மட்டும் பதில், அதுவும் காற்றில் அடிபட்டுப் போகிற சின்னக் குரலில். சிரிக்கும்போது, ஐயோ, அவளும் கையால் வாயை மூடினாள்.

"ஏன் பிள்ளை பூனை மாதிரி நிக்கிறாய்?" என்று வாய்விட்டே கேட்டேன்.

"அம்மா, ப்ளீஸ், மெல்லக் கதையுங்கோ" என்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

சரி, இது சரிவராது என்று அப்போதே பாதி முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டில் குறை வைக்க முடியாது. பிறகு இல்லை என்று சொல்லப் போகிறோம் என்றால் சாப்பாடு இன்னும் திறமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

முதல் நாளே சமையலைத் தொடங்கிவிட்டேன். ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கணவாய் மீன் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, புட்டு, இடியப்பம். உறைப்பைக் குறை என்று மகள் சொன்னதால் மிளகாய்த்தூளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் நெருக்கி இருந்தால் நாலு பேர் இருக்கலாம். பெரியவர்கள் முதலில் என்று பையனின் தாயையும் தகப்பனையும் என் மனுசனையும் இருத்தினேன். நான் பரிமாற நின்றேன். மகளும் பையனும் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. மொழி தெரிந்த இரண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விருந்தாளியின் தட்டு வெறுமையாகக் கூடாது. வெறுமையானால் இன்னும் போட வேண்டும். வயிறு நிறைந்தவர் தட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே போதும் என்று கையைக் குறுக்கே நீட்டி "காணும், காணும்" என்பார். நாங்கள் அதையும் கேட்காமல் ஒரு கரண்டி போடுவோம், அவர் ஏசுவார், அதோடு விருந்து முடிந்தது. தட்டை வழித்துத் துடைத்து வெறுமையாக வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா இருந்தால், பசி அடங்கவில்லை, கேட்க வெட்கப்படுகிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த மனிதர் என் மனுசனைப் பார்த்துக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அழகாகச் சாப்பிட்டார். புட்டில் ஒரு துகள் மிஞ்சவில்லை, சொதியில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. திரும்பவும் நிரப்பினேன். அவர் தலை குனிந்தார். "போடுங்கோ" என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதையும் துடைத்தார். இடியப்பமும் ஆட்டிறைச்சியும் வைத்தேன். குனிந்தார், முடித்தார். கணவாய் வைத்தேன். குனிந்தார், முடித்தார். தாயின் தட்டு மட்டும் வெறுமையாகவே இல்லை. அவர் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து, வெகு நேரம் மென்று, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பாவம், சின்ன வயிறு என்று நினைத்து அவரை விட்டுவிட்டேன். விவரமான மனுசி என்று இப்போது தெரிகிறது.

"இஞ்சேரும், காணுமப்பா. மனுசன்ர முகத்தைப் பாரும்" என்றார் என் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவர் வெக்கப்படுறார். தட்டைப் பாத்தால் தெரியேல்லையே?"

முகத்தையும் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. உறைப்புத்தான் காரணம் என்று நினைத்து, உறைப்புக்கு மாற்றாக இன்னும் கொஞ்சம் பருப்பும் புட்டும் வைத்தேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு போருக்குப் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து கையை வைத்தார். நான் மனதுக்குள், எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு என்னமாய்ச் சாப்பிடுகிறார் மனுசன், அந்த வீட்டில் சமையல் சரியில்லையோ என்னவோ, என் பிள்ளை அங்கே என்னத்தைச் சாப்பிடப் போகிறாள் என்று வேறு கவலைப்பட்டேன். கடைசியில் பாயாசம். அதையும் குடித்தார். இரண்டாம் கிண்ணத்தையும் குடித்தார். குசினியிலிருந்து வடைத் தட்டோடு மகள் வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் மிக மெதுவாகக் குனிந்தார். முழுதாகக் குனிய முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டார்.

ரெய்னர்ஸ் லேனில் பிக்கடிலி ரயில் ஏறினால் இடையில் மாறாமல், சுமோ நடக்கும் மண்டபத்துக்குக் கிட்ட, சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். ரயிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். விருந்து உண்ட களை என்று நான் பெருமையாக என் மனுசனுக்குக் கண்ணைக் காட்டினேன். மகள் அவருக்கு எதிரே, கையைக் கையில் கோத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். என்ன பிள்ளை, வாய் செத்துப்போச்சே உனக்கு என்று கேட்கலாம்போல் வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

மண்டபம் பெரிய வட்டம். நடுவில் களிமண் மேடை, அதற்கு மேலே கோயில் விமானம் மாதிரி ஒரு கூரை கயிற்றில் தொங்கியது. பெண்கள் அந்த மேடையில் ஏறக் கூடாதாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் நம் ஊர்க் கோயில்களை நினைத்துப் பார்த்து, நான் யாருக்கு நியாயம் சொல்ல என்று விட்டுவிட்டேன். மல்லர்கள் வந்தார்கள். அம்மாடி, என்ன உடம்பு! ஒவ்வொருவரும் கைநிறைய உப்பை அள்ளி மேடையில் வீசினார்கள். "கண்ணூறு நாவூறு கழிக்கிறாங்கள்" என்றேன். பையன் விளக்கம் கேட்டு வாங்கித் தாய்க்குச் சொன்னான். தாய் என்னைப் பார்த்து, ஓம், ஓம் என்று தலையாட்டினார். மேடையைச் சுத்தம் பண்ணுகிற உப்பாம். ஏதோ, எல்லாம் ஒன்றுதான்.

குந்துவார்கள், முறைப்பார்கள், எழும்பிப் போய்த் திரும்பவும் உப்பை வீசுவார்கள், மறுபடி குந்துவார்கள். "எங்கட கவுன்சில் மீட்டிங்கே கெதியா முடியும்" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு மலைகள் மோதின மாதிரி ஒரு சத்தம், ஒருவர் வட்டத்துக்கு வெளியே கிடந்தார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதற்குப் பிறகு நானும் எழும்பி நின்று கத்தத் தொடங்கிவிட்டேன். யார் யாரென்று தெரியாது. சின்ன உடம்பாக இருக்கிறவனுக்குக் கத்தினேன்.

அப்படிக் கத்திக்கொண்டு திரும்பியபோதுதான் பையனின் தகப்பனைக் கண்டேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை வயிற்றில், மறு கை முன்கதிரையில். வியர்வை கழுத்தில் வழிந்தது.

ஐயோ முருகா, மாரடைப்பு என்று நினைத்தேன். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மனுசன். இவருக்கு ஏதாவது ஆனால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, என் பிள்ளையின் வாழ்க்கை இந்தக் கதிரையோடு முடிந்தது.

தாய் அவர் காதில் ஏதோ மெல்லச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பையன் முன்னால் வந்து குந்தியிருந்து கெஞ்சினான், அதுவும் மெல்லிய குரலில். அவர் மேடையைக் கையால் காட்டினார். அவர்களுடைய ஊர்ப்பக்கத்து மல்லன் ஒருவன் இனித்தான் வரப்போகிறானாம், அதைப் பார்க்காமல் எழும்ப மாட்டாராம். தாய் திரும்பவும் மெல்ல. பையன் திரும்பவும் மெல்ல. இவர் திரும்பவும் தலையாட்டல். உயிர் போகிற இடத்திலும் இந்தக் குசுகுசுப்பு என்ன குசுகுசுப்பு என்று எனக்குத் தலை வெடித்தது. எனக்கு அந்த மொழி தெரிந்திருந்தால் கூரை இறங்கக் கத்தியிருப்பேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

மகள் எழும்பி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், மறு கை வாசலை நோக்கி நீட்டி. ஜப்பானிய மொழியில் அவள் ஏசிய ஏச்சுக்கு மூன்று வரிசைச் சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்த இழுப்பு, அந்த உயர்வு, கடைசிச் சொல்லில் வைக்கிற அந்தக் குத்து, எல்லாம் எங்கள் குசினியில் கேக் தட்டுக்கு முன்னால் கேட்ட அதே சத்தம்.

அந்த மனிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஹை, ஹை" என்றார். 'ஓம், ஓம்' என்று அர்த்தமாம். என்றுவிட்டு, ஒரு மறுப்பும் சொல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி அவள் கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். தாய் பின்னாலே போனார். போகும்போது தாயின் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி இல்லை, கோபம் இல்லை. அப்பாடா, ஒருத்தியாவது சொன்னாளே என்கிற முகம்.

வெளி நடையில் ஒரு கதிரையில் அவரை இருத்தினார்கள். முதலுதவிப் பெண் வந்து நாடி பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், நெஞ்சில் நோவா, கையில் நோவா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று பையன் மொழிபெயர்த்தான். இதயம் நன்றாக வேலை செய்கிறது என்றாள். பிறகு, "மத்தியானம் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் புருவம் மேலே போய்க்கொண்டிருந்தது. மகள் வாயைப் பிளந்தாள். "அம்மா! தட்டை வெறுமையாக்கினால் சாப்பாடு நல்லாயிருந்தது எண்டு அர்த்தம்! அவைக்கு ஒரு பருக்கை விடுறது சமைச்ச ஆளை அவமதிக்கிற மாதிரி!"

"எங்களுக்கு வெறுந்தட்டு எண்டால் இன்னும் போடு எண்டு அர்த்தம்!"

பையன் இரண்டையும் தகப்பனுக்குச் சொன்னான். அவர் மெல்ல ஏதோ சொன்னார். பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா சொல்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னான், "இது பெண் வீட்டார் வைக்கிற சோதனை என்று நினைத்தாராம். தோற்றால் நீங்கள் பெண் தர மாட்டீர்கள் என்று பயந்து சாப்பிட்டாராம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் பாதி முடிவு கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றபோது, அந்த மனிதர் மகனுக்காக ஒவ்வொரு வாயாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் உள்ளே கைதட்டல் எழுந்தது. அவருடைய மல்லன் மேடைக்கு வருகிறான். அவர் என் மகளின் முகத்தைப் பார்த்தார், கேட்பதுபோல. அவள் கொஞ்சம் யோசித்து, ஒரு விரலை உயர்த்தி, கதவு வரைக்கும்தான் என்று கையால் காட்டினாள். வாசல் காவலர் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்து பிடிக்க, நாங்கள் ஆறு பேரும் கதவிடுக்கில் கோழிக்குஞ்சுகள் மாதிரித் தலையை நீட்டிப் பார்த்தோம். மல்லன் உப்பை வீசினான், குந்தினான், பாய்ந்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே விழுந்தும் விட்டான். தோல்வி.

அந்த மனிதர் ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சின் பின்னால், நடை முழுக்க எதிரொலிக்க, ஒரு ஏப்பம் வந்தது. அப்படியொரு ஏப்பத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. அவருடைய முகத்தில் நிறம் திரும்பியது. தாய் வாயை மூடாமலே சிரித்தார். சின்னச் சின்னப் பல்லெல்லாம் தெரிந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். மகள் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். ரயிலில் எனக்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள். ஓமோ இல்லையோ என்று அவள் கேட்கவில்லை. நான்தான் தொடங்கினேன்.

"என்னெண்டு அந்த மனுசனை ஏசினனீ?"

"'மல்லன் ஒசாக்காவிலயும் பிடிப்பான், நீங்கள் விழுந்தால் தூக்க எங்களால ஏலாது, எழும்புங்கோ இப்ப' எண்டு."

"முந்தியும் ஏசியிருக்கிறியோ?"

"கிழமைக்கு ஒருக்கா ஏசுவன். பிரஷர் குளிசை போடமாட்டார். ஒளிச்சு வைப்பார், அப்பா மாதிரி."

தகப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப காலமையில இருந்து என்னத்துக்கு ஊமைக் கோட்டான் மாதிரி நிண்டனீ? போன்லயும் அப்பிடித்தான். அவைக்கு முன்னால உனக்கு வாய் திறக்கேலாதாக்கும் எண்டு நான் எவ்வளவு பயந்துபோனன் தெரியுமே? அந்தப் பயத்திலதான் இவ்வளவு நாளும் ஓம் எண்டு சொல்லேல்லை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவைக்கு முன்னால இல்லையம்மா. உங்களுக்கு முன்னால. நான் ஏதும் பிழையாக் கதைச்சு, நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போடுவீங்களோ எண்டு."

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம் ஓடும்வரைக்கும் எனக்கு வாய் எழவில்லை. என் வாயைக் கட்டிப்போட்ட ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். பிறகு அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"கலியாணத்தை இஞ்சை வைக்கிறதோ, அங்கை வைக்கிறதோ?" என்று கேட்டேன்.

அவள் அழுத அழுகைக்குப் பக்கத்திலிருந்த சனம் இடம் மாறி உட்கார்ந்தது. என் மனுசன் கைக்குட்டையை எடுத்து அவளுக்குக் கொடுப்பதா, தான் துடைப்பதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை, விமானம் ஏறுவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் நல்ல பிள்ளையாக சுக்குத் தட்டிப் போட்ட வேர்க்கொம்புக் கோப்பியும் இடியப்பமும் சொதியும் மட்டும் வைத்தேன். அந்த மனிதர் இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். மூன்றாவதில் பாதியைத் தட்டில் விட்டார். விடுவதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு, மகள் சொல்லிக்கொடுத்தபடி, தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி, "காணும்" என்றார். சுத்தமான யாழ்ப்பாணத்து "காணும்".

பழக்கதோஷம். என் கை தன்பாட்டில் இன்னுமொரு இடியப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் தட்டை நோக்கிப் போனது.

"அம்மா! வையுங்கோ கீழ!"

குசினி வாசலில் மகள் நின்றாள், ஒரு கை இடுப்பில். சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மருமகனாகப் போகிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவள் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. நான் இடியப்பமும் கையுமாக அப்படியே நின்றேன். அந்த மனிதர் மேசைக்கு மேலாகச் சற்றுச் சாய்ந்து, அவளுக்குக் கேட்காதபடி, எனக்கு வழி சொல்லித்தந்தார்.

"ஹை, ஹை" என்றார்.

"ஹை, ஹை" என்றேன் நானும், இடியப்பத்தைக் கீழே வைத்தேன்.